வரப்பாக நடித்தவன்

மேடையில் நான் ஏற்ற ஒரே வேஷம் வரப்பு. ராஜா, மந்திரி என்ன, மாடு வேஷம்கூட எனக்குக் கிடைக்கவில்லை. "ம்மா" என்று கத்தவும் சுருதி வேண்டும் என்று பாட்டு டீச்சர் சொல்லிவிட்டார்.

திருவையாற்றுக்குப் பக்கத்தில், ஆற்றங்கரையில் இருந்தது அந்தப் பள்ளிக்கூடம். அங்கே எதையும் ஆடியோ பாடியோ மண்ணில் செய்தோதான் படிப்போம். அதற்கு முன் இன்னொரு பள்ளியில் நாலாம் வகுப்பை இரண்டு வருஷம் நிதானமாக ரசித்தவன் நான். இங்கே முற்றத்து மணலில் ஆறுகளைக் கீறி, குடத்தால் தண்ணீர் ஊற்றுவோம். வெண்ணாறு பிரிகிற இடத்தில் காலை அகட்டி நிற்பது என் வேலை. தண்ணீர் குளிர்ந்து என் காலில் மோதிப் பிரியும். இன்றைக்கும் வரைபடத்தில் வெண்ணாற்றைப் பார்த்தால் இடது கால் கட்டைவிரல் கூசுகிறது.

வாய்ப்பாடு தொடையில் தாளம் தட்டித்தான். முதல் நாள் எண்ணச் சொன்னதும் "லாபம், ரெண்டு, மூணு" என்று ஆரம்பித்தேன். களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்வதில்லை, லாபம் என்பார்கள். எனக்குத் தெரிந்த எண்ணிக்கை அதுதான். வகுப்பே சிரித்தது.

"நல்லாத்தானே இருக்கு? இனிமே எல்லாரும் லாபத்துலேருந்தே தொடங்குங்க" என்றார் டீச்சர்.

அன்றோடு ஏழாம் வாய்ப்பாட்டின் மேல் இருந்த பயம் போயிற்று. காலையில் யாரும் எழுப்பாமல் எழுந்தேன். வீட்டில் எனக்கு உடம்பு சரியில்லையோ என்று பார்த்தார்கள்.

அப்பாவுக்கு மட்டும் அந்தப் பள்ளிக்கூடத்தின் மேல் சந்தேகம் தீரவில்லை. "ஆண்டு விழாவுக்கு வந்து பாப்பேன். கூத்தாடுறதுதான் படிப்புன்னா, டவுன் பள்ளிக்கூடம், ஹாஸ்டல். தெரிஞ்சுக்க" என்றார். இங்கேயே இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு அந்த வருஷம் வேறு வேண்டுதலே கிடையாது.

ஆட்சி மாறிய புதிது. கடைத்தெருவில் கறுப்பு சிவப்புக் கொடி, களத்துமேட்டில் செங்கொடி. கூலி, குத்தகை, உச்சவரம்பு என்று எங்கே போனாலும் நிலத்தைப் பற்றித்தான் பேச்சு. எங்கள் வீட்டுத் தகராறு அந்த அளவுக்குச் சரித்திரம் இல்லை. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் நடுவே ஒரு வரப்பு, அவ்வளவுதான். நடவுக்கு முன் வரப்பின் பக்கத்தை மண்வெட்டியால் சீவுவார்கள்; அண்டை வெட்டுவது என்று பெயர். புல்லோடு சேர்ந்து கொஞ்சம் நிலமும் நம் பக்கம் வந்துவிடும். இரண்டு பேரும் வருஷா வருஷம் வெட்டியதில் வரப்பு மெலிந்து, அதன் மேல் காக்காய்தான் நடக்கலாம் என்று ஆகியிருந்தது. பேச்சும் நின்றுபோயிருந்தது.

விழா நாடகத்தை நாங்களே கட்ட வேண்டும். வரப்புச் சண்டை என்று யோசனை சொன்ன மேதை நான்தான். பெரியப்பா மகளும் என் வகுப்பு. ஆறு மாதம் மூத்தவள், அதனால் அக்கா. அண்ணன் வேஷத்தை அவள் எடுத்துக்கொண்டாள்.

"நீ வரப்பாப் படுத்துக்கடா. படுக்கத்தான் ஒனக்கு வரும்."

சட்டையில் புல்லைச் செருகிக்கொண்டு படுத்தேன். அண்ணனும் தம்பியும் "லாபம், ரெண்டு, மூணு" என்று பாடியபடி இரண்டு பக்கமும் வெட்ட, ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு கையை, ஒரு காலை இழுத்துக்கொண்டு ஒல்லியானேன். கடைசியில் எழுந்து ஒரே ஒரு வசனம் பேச வேண்டும்: "அண்ணே, தம்பி, நான் செத்துட்டா நீங்க எங்க நடப்பீங்க?"

எழுந்தேன். எதிரே ஒரு கோடியில் அப்பா, மறு கோடியில் பெரியப்பா. என் வாயிலிருந்து வந்தது இது: "அப்பா, பெரியப்பா, நான் செத்துட்டா நீங்க எங்க நடப்பீங்க?"

பந்தல் அதிர்ந்தது. "யோவ், வரப்பு கேக்குதுல்ல, பதில் சொல்லுய்யா!" என்று யாரோ அப்பாவைப் பார்த்துக் கத்தினார்கள். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

மறுநாள் டீச்சர் எங்கள் வீட்டுக்கே வந்தார். "பையன் இப்பத்தாங்க படிக்கவே ஆரம்பிச்சிருக்கான்."

"படிக்கட்டுங்க. குடும்பத்த மேடை ஏத்தாத எடத்துல படிக்கட்டும்" என்றார் அப்பா.

பெரியப்பா தன் மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தவில்லை. மேடையில் அவள்தானே ஒரு வெட்டு கூடுதலாக வெட்டியிருந்தாள்!

டவுன் பள்ளியில் தொடையைத் தட்டினால் கையில் அடி. "லாபம்" என்றால் தலையில் குட்டு. எல்லாப் பாடத்திலும் தேறினேன். காலையில் என்னை எழுப்பத்தான் மணி அடிக்க வேண்டியிருந்தது.

பொங்கல் லீவுக்கு வந்தபோது வயலுக்குப் போனேன். அந்த வருஷம் இரண்டு பேருமே அண்டை வெட்டவில்லை. வரப்பு புல் மண்டிக் கொழுத்திருந்தது. அக்கா முன்னால் நடக்க, நான் இரண்டு காலையும் நன்றாக ஊன்றி நடந்தேன். அப்படி நடக்க வழி செய்தவன் என்ற பெருமை எனக்கு வரவேயில்லை.

"வெண்ணாறு பிரியுற எடத்துல இப்ப யாரு நிக்கிறா?" என்று கேட்டேன்.

"யாரும் நிக்கல. ஒரு கல்லு வச்சிருக்கோம்."

"தண்ணி சரியாப் பிரியுதா?"

"ஒன்ன விட நல்லாவே பிரியுது" என்றாள் அவள், திரும்பாமலே.