மெட்ராசுக்குப் போன ஊறுகாய் ஜாடி

மூத்திரம் என்ற சொல்லைப் போடாமல் இதை எழுதிவிட முடியுமா என்று முதலில் பார்த்தேன். முடியவில்லை. முக்கால்வாசி விஷயமே அதுதான். முகம் சுளிப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் எனக்குக் காசநோய் வந்தது. அப்போது நாங்கள் கருவேப்பிலங்குறிச்சியில் இருந்தோம். என் வீட்டுக்காரர் தினமும் பஸ் பிடித்து விருத்தாசலத்துக்குப் போய் ஒரு பீங்கான் கம்பெனியில் சூளை வேலை பார்த்தார். எங்களுக்கு இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. நோய் என்ன என்று தெரிந்த அன்றைக்கே என் மாமியார் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்ணாடத்தில் இருக்கும் தன் மகள் வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டார்.

"சளியில கிருமி இல்லன்னு டாக்டரு வாயால சொல்லட்டும். மறுநாளே புள்ளையக் கொண்டாந்து உன் மடியில போடுறேன். அதுவரைக்கும் என் அடுப்பாங்கரைய ஒழுங்கா வச்சிரு" என்றார். குழந்தையைப் பற்றி இரண்டு வாக்கியம், அடுப்பாங்கரையைப் பற்றி ஒரு வாக்கியம். அவருடைய கணக்கில் அது எனக்குப் பெரிய சலுகை.

காசநோய்க்கு அதுவரை போட்டுவந்த பழைய ஊசி எனக்குக் கேட்கவில்லை. இடுப்பில் குத்த இடமில்லாமல் போனதுதான் மிச்சம். அந்த நேரத்தில்தான் விருத்தாசலம் ஆஸ்பத்திரிக்கு மாதம் ஒரு தடவை மெட்ராசிலிருந்து ஒரு டாக்டர் வர ஆரம்பித்தார். புது மாத்திரை ஒன்று வந்திருக்கிறது, பழைய மருந்து கேட்காதவர்களுக்குக் கொடுத்துப் பார்க்கிறோம், சம்மதமா என்று கேட்டார்.

"இதுக்கு முன்னால யாருக்காவது குடுத்துருக்கீங்களா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"எலிக்குக் குடுத்தாச்சு, முயலுக்குக் குடுத்தாச்சு. வெளியூர்ல சில பேருக்கும் குடுத்தாச்சு."

"எலியெல்லாம் நல்லா இருக்குதுங்களா?"

டாக்டர் சிரிக்கவில்லை. மருந்து கிருமியைக் கொல்கிறதா என்று பார்ப்பது பாதி வேலைதான், ஆளைக் கொல்லாமல் இருக்கிறதா என்று பார்ப்பது மீதி வேலை என்றார். அந்த மீதி வேலைக்குத்தான் மாதாமாதம் எங்களை வரச் சொன்னார்கள். கலர் கலராக நூலைக் காட்டி என்ன நிறம் என்று கேட்பார்கள். காதருகே ஓர் இரும்புக் கவையைத் தட்டி ரீங்காரம் கேட்கிறதா என்பார்கள். கோடு போட்டு அதன்மேல் நடக்கச் சொல்வார்கள். ஈரலை அமுக்கிப் பார்ப்பார்கள். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட என்னை இந்த அளவுக்குப் பார்க்கவில்லை.

எனக்கு ஆண்களிடம் வாய் வராது. எல்லாக் கேள்விக்கும் என் வீட்டுக்காரர்தான் பதில் சொல்வார். பசி இருக்கிறதா என்றால் "நல்லா சாப்புடுதுங்க" என்பார். வயிறு ஒழுங்காகப் போகிறதா என்றால் "போவுதுங்க" என்பார். எதைப் பார்த்து அவ்வளவு உறுதியாகச் சொன்னாரோ தெரியாது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

மாத்திரை வேலை செய்தது. இருமல் குறைந்தது, பாவாடை நாடா மறுபடி இறுக ஆரம்பித்தது. இன்னும் ஒரு தடவை சளி சுத்தம் என்று வந்துவிட்டால் குழந்தையைக் கூட்டி வந்துவிடலாம் என்றார்கள். அப்போதுதான் நர்சம்மா புதிதாக ஒரு சோதனை சொன்னார்.

"அடுத்த தடவை வர்றதுக்கு முன்னால, ஒரு நாள் முழுக்கப் போற மூத்திரத்த ஒரே பாத்திரத்துல புடிச்சு எடுத்தாரணும். பாத்திரம் சுத்தமா இருக்கணும், காஞ்சிருக்கணும், ஒரு சொட்டுத் தண்ணி படக் கூடாது. மூடி இறுக்கமா இருக்கணும். வெயில்ல வைக்காதீங்க."

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் அடுப்பாங்கரைக்குள் போய் நின்று யோசித்தார். "பித்தள களிம்பு ஏறும். அலுமினியம் கறுத்துப் போவும். இதுக்கெல்லாம் பீங்கான்தான் சரி" என்று பரணிலிருந்து தன் அம்மாவின் எலுமிச்சங்காய் ஊறுகாய் ஜாடியை இறக்கினார். ஊறுகாய் தீர்ந்து ஜாடி சும்மாதான் இருந்தது. சுத்தமாக, காய்ந்து, தண்ணீர் படாமல், இறுக்கமான மூடியோடு, வெயில் படாத இடத்தில். நர்சம்மா சொன்ன லட்சணம் எல்லாம் அதற்கு இருந்தது. எங்கள் பக்கத்தில் ஊறுகாய் ஜாடியை யாரும் கழுவ மாட்டார்கள். தண்ணீர் பட்டால் அடுத்த ஊறுகாய் பூசணம் பூத்துவிடும். உலர்ந்த துணியால் துடைப்பதோடு சரி. அவரும் தன் அம்மா செய்வதுபோலவே வேட்டித் துணியை விட்டு உள்ளே ஒரு சுற்று சுற்றி எடுத்தார்.

"அத்தைக்குத் தெரிஞ்சா?" என்றேன்.

"யாரு சொல்லப் போறா? நீயா? நீ வாயத் தொறந்து நான் பாத்ததே இல்ல."

அடுத்த மாதம், ஒரு நாள் முழுக்கப் பிடித்து வைத்த ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தேன். ஜாடியின் வாயில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் ஜாடியைப் பார்த்து, "என்னம்மா, மாங்காயா, எலுமிச்சையா?" என்றார்.

என் வீட்டுக்காரர் வெளியே வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

"எலுமிச்ச" என்றேன்.

"கொஞ்சம் குடுத்துட்டுப் போறது. கட்டுச்சோத்துக்குத் தொட்டுக்க ஒண்ணுமில்ல."

"இன்னும் ஊறலைங்க" என்று என் வீட்டுக்காரர் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் எனக்கு முன்னாலேயே கம்மாபுரத்துக்காரர் ஒருவர் பெஞ்சில் இருந்தார். அவரும் அதே மாத்திரை சாப்பிடுகிறவர். அவர் முழங்கால்களுக்கு நடுவிலும் ஒரு ஜாடி. "ஒங்க ஜாடி எங்க ஜாடிய விட லட்சணமா இருக்குதும்மா. கம்பெனி வூட்டு ஜாடில்ல" என்றார். கம்பவுண்டர் இரண்டையும் அளந்து, சின்ன பாட்டில்களில் கொஞ்சம் ஊற்றி மெட்ராசுக்கு அனுப்பி வைத்தார்.

அடுத்த மாதம் டாக்டர் என்னையும் கம்மாபுரத்துக்காரரையும் ஒன்றாகக் கூப்பிட்டார். முகம் சரியில்லை.

"ரெண்டு பேருக்குமே கிட்னியில ஏதோ கோளாறு தெரியுது. மூத்திரத்துல செவப்பா துகள் இருக்குது, மேல எண்ணெய் மிதக்குது. மருந்து ஒத்துக்கலைன்னு நெனைக்கிறோம். இன்னையோட மாத்திரைய நிறுத்திட்டு பழைய ஊசிக்கே போயிடலாம்."

பழைய ஊசி என்றால் பழைய இருமல். பழைய இருமல் என்றால் குழந்தை பெண்ணாடத்திலேயே வளரும், நாத்தனாரை அம்மா என்று கூப்பிடும். அதற்குள் கூப்பிட ஆரம்பித்துவிட்டதாகவே கேள்வி.

"எரிச்சல் இருக்குதா?" என்று டாக்டர் என் வீட்டுக்காரரைக் கேட்டார்.

எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறவர், அன்று தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றார். செவப்புத் துகள், எண்ணெய் என்று கேட்டதுமே அவருக்கும் புரிந்துவிட்டது. புரிந்ததால்தான் வாய் அடைத்துப் போயிருந்தது.

நான் சுவரைப் பார்த்தேன். சுவரில் ஒரு பல்லி இருந்தது. அதனிடம் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னேன்.

"அது ஊறுகா ஜாடிங்க."

"என்னது?" என்றார் டாக்டர்.

எலுமிச்சை, கழுவவில்லை என்று முனகினேன்; அதற்குமேல் எனக்குச் சத்தம் வரவில்லை. பக்கத்தில் நின்ற நர்சம்மாவுக்குக் கேட்டுவிட்டது. அவர் வராந்தா முழுக்கக் கேட்கும்படி, "எலுமிச்ச ஊறுகா போட்டு வச்ச ஜாடியிலதான் மூத்திரம் எடுத்தாந்துருக்காங்களாம் டாக்டர். கழுவாம" என்றார்.

"தண்ணி படக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க" என்றார் என் வீட்டுக்காரர். அவருக்கு வாய் திரும்பியிருந்தது.

டாக்டர் மெதுவாகக் கம்மாபுரத்துக்காரர் பக்கம் திரும்பினார்.

"எங்க வூட்டுல மாங்காங்க" என்றார் அவர், ரொம்ப மரியாதையாக.

"ஏம்பா, நீதான ஊத்துன. எண்ணெய் தெரியலையா?" என்று டாக்டர் கம்பவுண்டரைக் கேட்டார்.

"தெரிஞ்சுது சார். புது மருந்தாச்சே, இப்படித்தான் போவும்போல இருக்குதுன்னு நெனச்சேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நெடுநேரம் இருந்தார். சிரித்தால் மரியாதை கெடும் என்று அடக்கினாரோ என்னவோ. பிறகு எங்கள் இருவருக்கும் பெரிய கண்ணாடி பாட்டில்கள் கொடுத்தார். மாத்திரையை நிறுத்துவதைத் தள்ளிவைத்தார். ஜாடியின் அடியில் ஒட்டியிருப்பதும் முன்பு சின்ன பாட்டிலில் போனதும் ஒன்றுதானா என்று சோதித்துவிட்டால் சந்தேகம் தீரும் என்று எங்கள் ஜாடியைக் கொண்டுவரச் சொல்லி வாங்கிக்கொண்டார். ஜாடி மெட்ராசுக்குப் போனது. மிளகாய்த்தூள், நல்லெண்ணெய், உப்பு என்று அங்கிருந்து பதில் வந்தது. கண்ணாடி பாட்டிலில் போனது சுத்தமாக இருந்தது. சளியும் சுத்தம் என்று டாக்டர் தன் வாயால் சொன்னார்.

மாமியார் சொன்ன சொல் தவறாதவர். மறுநாளே குழந்தையைக் கொண்டுவந்து மடியில் போட்டார். அது என்னை யாரோ என்று பார்த்து அழுதது, பிறகு என் தாலிக்கயிற்றைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு அழுகையை நிறுத்தியது. மாமியார் நேராக அடுப்பாங்கரைக்குள் போனார்.

"பரண்ல இருந்த என் ஜாடி எங்கடா?"

என் வீட்டுக்காரர் கம்பெனியிலிருந்து வாங்கி வந்திருந்த புது ஜாடியைக் காட்டினார். "அத மெட்ராசு டாக்டரு எடுத்துட்டுப் போயிட்டாரும்மா."

"எதுக்கு?"

"ஒன் ஊறுகாய ஆராய்ச்சி பண்றாங்க."

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. மாமியார் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, "அடியில இருந்த மசாலாவுக்கே இப்படியா" என்றார்.

அடுத்த மாதம் அவரும் எங்களோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். புது ஜாடி நிறைய ஊறுகாய், வாயில் வெள்ளைத் துணி. அதைத் தன் கையாலேயே டாக்டர் மேஜைமேல் வைத்தார். டாக்டர் ஜாடியைப் பார்த்தார், துணியைப் பார்த்தார், தொடவில்லை. பிறகு என் வீட்டுக்காரரைக் கேட்காமல் என்னைப் பார்த்தார்.

குழந்தை என் இடுப்பில் இருந்தது. சுவரைத் தேடாமல் சொன்னேன்.

"இது நெசமாவே ஊறுகாதாங்க."