தேனடைக்குக் காட்டிய சாம்பிராணி

இதை எழுதப் பல வருடங்கள் தயங்கினேன். அம்மனைக் குறை சொல்வதாக யாராவது நினைத்துவிடுவார்களோ என்ற பயம்தான்.

நாங்கள் பொன்னேரிப் பக்கம் நெல் பயிரிடுகிறவர்கள். அறுபதுகளின் கடைசியில் எங்கள் மகளுக்கு அம்மை வார்த்து இறங்கியது. வேப்பிலையையே ஆடையாகக் கட்டி வலம் வரும் வேப்பஞ்சேலை வேண்டுதலுக்காக ஆடியில் பெரியபாளையத்து அம்மன் கோயிலுக்கு வண்டி கட்டிப் போய், தோப்பில் ஒரு மரத்தடியில் பொங்கல் வைத்தோம்.

அண்ணாந்து பார்த்தால் கிளையில் முறம் அகலத்துக்குத் தேனடை. "ஆத்தாளே வந்து குந்திக்கினு இருக்கா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். தூபக்காலில் சாம்பிராணியை அள்ளிப் போட்டு அடைக்கு நேராக உயர்த்திக் காட்டினேன்.

அடையிலிருந்த தேனீக்கள் அப்படியே கலைந்து இறங்கின. வேப்பிலை கட்டி நின்ற என் மனைவி மகளை இழுத்து மடிக்குள் அடக்கிக் குனிந்துவிட்டாள். அவள் முதுகு முழுக்கத் தேனீ.

"ஏந்து ஓடியா" என்று கத்தினேன்.

"நான் ஏந்தா கொயந்தைய கொட்டிடும். நீ கிட்ட வராதே" என்றாள்.

ஓர் அடி வைத்தாலே என் முகத்தில் மொய்த்தன. தாயே தாயே என்று கும்பிடுவதைத் தவிர என்னால் ஒன்றும் முடியவில்லை.

பக்கத்து வண்டிக்காரர்கள் ஈரச் சாக்கைப் போர்த்தி இருவரையும் தூக்கி வந்தார்கள். மகளை ஒன்றுகூடக் கொட்டவில்லை. மனைவிக்கு வீக்கம் வடிந்து கண் திறக்கவே நாளானது. "அதுங்க ஊட்டாண்ட பொகை போட்டா சும்மா இருக்குமா?" என்றாள்.

இப்போது அடுப்பு மூட்டும் முன் மரத்தை அண்ணாந்து பார்க்கிறேன். அடை இருந்தால் தூரத்திலேயே கும்பிட்டுவிட்டு வேறு இடம் போகிறேன்.

ஊரில் இதை அம்மன் குழந்தையைக் காத்த கதையாக மட்டும் சொல்கிறார்கள். அம்மன் காத்தது சத்தியம். ஆனால் சாம்பிராணி காட்டியவன் நான். அதையும் விடாமல், எழுதியபடியே நாலு பேருக்குச் சொல்லுங்கள்.