மூன்று கணக்குப் புத்தகங்கள்

எண்பதுகளின் கடைசியில், பொறியியல் முடித்து வேலைக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்த நாட்களில், ராஜபாளையத்தில் அக்கா வீட்டில் இருந்தேன். அக்காவின் மூத்த மகளுக்குப் பதினோரு வயது. மூட்டுக்காய்ச்சல் வந்து இருதயம் வரை போய்விட்டது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி. அந்த வருடம் பள்ளிக்கூடம் கிடையாது. வீட்டிலிருந்தே படித்து ஆண்டுத்தேர்வில் தேறினால் ஏழாம் வகுப்பு, இல்லாவிட்டால் மறுபடி ஆறாம் வகுப்பு என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். ஐந்து முடித்து அவள் தங்கையும் அதே வகுப்புக்கு வந்துவிடுவாள். பெரியவள் பயந்தது அதற்கு மட்டும்தான்.

கணக்கு என் பொறுப்பு. முதலில் பள்ளியின் மெட்ரிகுலேஷன் புத்தகத்தையே எடுத்தோம். எளிய பெருக்கல்கூடத் தப்பாக வந்தது. ஒன்றின் இடத்தில் இருக்க வேண்டிய எண் பத்தின் கீழே கிடந்தது. இடமதிப்பை இந்தப் புத்தகம் சரியாக விளக்கவில்லை என்று முடிவு செய்தேன்.

வரைபடத்தாளில் கட்டம் போட்டேன். மேலே மூன்று பாடத்திட்டங்கள். பக்கவாட்டில் விளக்கம், மாதிரிக் கணக்கு, பயிற்சி, படம் என்று பதினோரு வரிசை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பழைய புத்தகக் கடைக்குப் போய் மாநிலப் பாடநூலை வாங்கி வந்தேன். அதிலும் தப்பு. அடுத்த மாதம் மத்தியப் பாடத்திட்டப் புத்தகத்துக்காக மறுபடி போனேன்.

"எதுல பாத்தாலும் ரெண்டும் ரெண்டும் நாலுதாம்மா," என்றார் கடைக்காரர்.

வீட்டில் அக்கா, "ஏட்டி, இன்னும் எம்புட்டு புஸ்தகம் வாங்குவ? அவ பயந்துபோயி டம்ளரக்கூடக் கீழ போட்டுருதா," என்றாள். நான் நோட்டில் 'கவனக்குறைவு' என்று எழுதிக்கொண்டேன்.

மூன்றாவது புத்தகத்தைப் பிரித்ததும் அவள் அழுதாள்.

"வேற புஸ்தகம் வேண்டாம் சித்தி. கணக்கு தெரியுது. கைதான் சொன்னபடி போவ மாட்டேங்கு."

பென்சிலை வாங்கி வைத்துவிட்டு வாயால் கேட்டேன். இருநூற்றைம்பதைப் பன்னிரண்டால் பெருக்கினால்? மூவாயிரம் என்றாள் உடனே. மூன்று புத்தகங்களிலிருந்தும் கேட்டேன். எல்லாம் தெரிந்திருந்தது. அவள் மடியில் விரல்கள் தாமாகத் துடித்துக்கொண்டிருந்தன. அத்தனை நாளும் நான் புத்தகத்தைத்தான் பார்த்திருக்கிறேன்.

அந்தக் காய்ச்சலே சில பிள்ளைகளுக்குக் கையை இப்படி ஆக்கும், சில மாதத்தில் தானே அடங்கிவிடும் என்றார் அவளுக்கு வைத்தியம் பார்த்துவந்த மதுரை டாக்டர். தேர்வுக்கு ஐந்து வாரம்தான் இருந்தது.

தலைமையாசிரியையிடம் போனேன். அவள் சொல்லச் சொல்ல வேறு யாராவது எழுதலாமா என்று கேட்டேன்.

"கண்ணு தெரியாத பிள்ளைங்களுக்குத்தாம்மா அப்படி. நீங்க சொல்றத நான் நம்புறேன். ஆனா மார்க் போடணும்னா பேப்பர்ல இருக்கணும்லா?"

டாக்டரின் கடிதத்தைக் கொடுத்தேன். படித்துப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

தேர்வு முடிந்து ரிக்‌ஷாவில் வரும்போது பத்து விடைகளையும் சொன்னாள். ஒன்பது சரி. தாளில் எப்படி எழுதினாய் என்று நான் கேட்கவில்லை.

ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று அக்கா இருவருக்கும் தலை பின்னிவிட்டாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே பெரியவள் சின்னவளிடம் மெதுவாகச் சொன்னாள்:

"கிளாஸ்ல என்னய அக்கான்னு கூப்பிடாத, என்ன?"