நூல் கட்டிய இடத்து மண்

இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

போன கிழமை லண்டனில் எங்கள் ஈஸ்ட் ஹாம் கோயில் ஆட்களோடு பஸ்ஸில் லூர்து மாதாவிடம் போனேன். வழியில், பிரான்சின் ஒரு கிராமத்தில், மத்திய காலத்துத் துறவிமடம் ஒன்றில் நிறுத்தினார்கள். கூரை இல்லை. நாலு தூண், பாதிச் சுவர், புல்.

எனக்கோ வேறு பதற்றம். தோர்ண்டன் ஹீத்தில் இருக்கிற அக்காவுக்கு வருகிற செவ்வாய் ஒப்பரேஷன். "தம்பி, கோயில் மண் கொஞ்சம் அள்ளிக்கொண்டு வா" என்று சொல்லிவிட்டிருந்தா. இலங்கையில் மடு மாதா கோயில் மண்ணைத் தலையணைக்குக் கீழே வைத்து வளர்ந்த ஆட்கள் நாங்கள். லூர்தில் எல்லாம் சீமெந்து என்றார்கள்... மண்ணுக்கு எங்கே போவது?

இங்கே இருந்தது! ஒரு மூலையில் சதுரம் சதுரமாக நூல் கட்டி, வெட்டி வைத்திருந்தார்கள். நூல் கட்டினால் விசேஷமான இடம்தானே? பக்கத்தில் போர்ட்டும் இருந்தது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான் – போர்ட்டைக் கண்டால் கண் தானாக வேறு பக்கம் போய்விடும். ஒரு பிடி அள்ளி, சொப்பிங் பாக்கில் சுற்றி, ஜக்கெட்டுக்குள் வைத்தேன்.

பிறகுதான் மடத்தைச் சுற்றிக் காட்டுகிற பிரெஞ்சுப் பிள்ளை வந்து கதை சொன்னது. என் மகள் அனுஷா தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். துறவிகள் சதுப்பு நிலத்தை வடித்துக் கட்டிய மடமாம். புரட்சிக் காலத்தில் அவர்களைத் துரத்தி, மடத்தை விற்றுவிட்டார்களாம். ஊரார் கல்லுக் கல்லாகக் கழற்றிக்கொண்டு போனார்களாம். அதோ தெரிகிற மாட்டுக்கொட்டிலில் இருப்பது பீடத்துக் கல்!

"சீ... கோயில் பொருளைக் களவெடுக்க எப்பிடி மனம் வந்தது?" என்றேன் – எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

கதை முடியவில்லை. மடத்து ஏடுகளையும் எரித்துவிட்டார்கள். துறவிகள் என்ன விதைத்தார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்று இனி மண்தான் சொல்ல வேண்டுமாம். அதனால்தான் நூல் கட்டி, மண்ணை அடுக்கடுக்காக, படை படையாகக் கிண்டி, அரித்துப் பார்க்கிறார்களாம்.

ஜக்கெட்டை இழுத்து மூடினேன். அனுஷா முகத்தைப் பார்த்தே பிடித்துவிட்டாள்.

"அப்பா... என்ன செய்தனீங்கள்?"

மற்றவர்கள் பஸ் ஏறும்வரை நின்று, பையை நீட்டினேன். அந்தப் பிள்ளை ஏசவில்லை. ஏசியிருக்கலாம். எந்தச் சதுரம், எவ்வளவு ஆழம் என்று மட்டும் கேட்டது. எனக்கு ஞாபகமே இல்லை.

பிள்ளை அனுஷாவிடம் ஏதோ மெதுவாகச் சொன்னது.

"அப்பா, இது இனி வெறும் மண்தானாம்."

கொட்டில் கட்டினவன்கூடக் கல்லைக் கல்லாகத்தானே வைத்திருந்தான்! நான்?

நேற்று அக்கா போன் எடுத்தா.

"மண் கொண்டு வந்தனியோ?"

"இல்லையக்கா... லூர்துத் தண்ணிதான்."

"ஏனடா, பிரான்சில மண்ணே இல்லையோ?"