ஆற்றில் விழுந்தது யார்

ஏவிஸின் கல்யாணப் பொன்விழாவில் பேசச் சொல்லி அவள் மகள் ஜெனிஸ் மைக்கை நார்மாவிடம் நீட்டியபோதே ஏவிஸ் முள்கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டாள். நார்மா ஏவிஸின் பள்ளிக்காலத் தோழி. வாயைத் திறந்தால் என்ன வருமென்று ஏவிஸுக்கு நன்றாகத் தெரியும்.

ஹூவான் ஆற்றங்கரைக் கால்பந்துக் கழகக் கூடத்தில் உறவும் ஊருமாக நிறைந்திருந்தது. கணவன் க்ளைவ் கோட்டும் டையுமாக நடுநாயகமாக உட்கார்ந்திருந்தான்.

"அன்னிக்கு மழைன்னா மழை, அப்படியொரு மழை," என்று ஆரம்பித்தாள் நார்மா. "ஆறு கரைபுரண்டு ஓடுது. இந்த ஏவிஸ் படகுத்துறையிலேருந்து வழுக்கித் தொப்புன்னு விழுந்துட்டா. அந்த நேரம் பாத்து க்ளைவ் படகுல வர்றான். சட்டையக்கூடக் கழட்டாம குதிச்சான் பாருங்க! பக்கத்துல ஒரு சீல் வேற வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது."

கூடம் கைதட்டியது. இத்தனை வருடத்தில் அந்தக் கதைக்குள் சீல் என்கிற கடல்நாய் வந்தது இதுதான் முதல் தடவை.

நடந்தது இதுதான். ஆப்பிள் பறிக்கும் பருவம், சுள்ளென்று வெயில். பெட்டி கட்டும் கொட்டகையில் வேலை முடிந்து ஏவிஸும் நார்மாவும் துறையில் நின்றிருந்தார்கள். எதிர்க்கரைப் பையன் க்ளைவ் படகில் எழுந்து நின்று, தொப்பியைச் சுழற்றி, பெண்களுக்கு வித்தை காட்டினான். படகு கவிழ்ந்தது. அவனுக்கு நீச்சல் தெரியாது. ஏவிஸ்தான் கொக்கிக் கம்பை அவன் காலரில் மாட்டி, செத்த மீனை இழுப்பதுபோல் கரைக்கு இழுத்துப் போட்டாள். அவள் புதுச் செருப்பின் மேலேயே குடித்த தண்ணீரையெல்லாம் கக்கினான். நார்மா பக்கத்தில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தாள்.

கல்யாணத்தன்றே கதை தலைகீழாகிவிட்டது. அன்று ஏவிஸ் வெட்கத்தில் சும்மா இருந்துவிட்டாள். அதன்பின் திருத்த வாய்ப்பே கிடைக்கவில்லை. ஆப்பிள் விலை விழுந்து மரங்களையெல்லாம் பிடுங்கிய பிறகு க்ளைவ் பள்ளிப் பேருந்து ஓட்டப் போனான். ஏறிய பிள்ளைகளுக்கெல்லாம் இந்தக் கதையைச் சொன்னான். கடையில், தேவாலயத்தில், பல் பிடுங்கப் போன இடத்தில்கூட, "ஓ, நீங்கதான் ஆத்துல விழுந்தவங்களா?" என்றார்கள். வீட்டில் அவள் திருத்த ஆரம்பித்தால் க்ளைவ் காது மெஷினை அணைத்துவிடுவான்.

ஒரே சாட்சி நார்மா. அவளோ ஒவ்வொரு தடவையும், "க்ளைவ் சொல்றதுதான் சரி," என்றாள். அதுதான் ஏவிஸால் பொறுக்க முடியாதது. பெரிய காட்டுத்தீயில் நார்மாவின் வீடு எரிந்தபோது, ஒரு கையில் குழந்தையும் மறு கையில் பறவைக்கூண்டுமாக வந்து நின்றவளைப் பின்னறையில் தங்கவைத்தது ஏவிஸ்தானே? நார்மா அந்தக் குளிர்காலம் முழுக்க இருந்தாள். சமையலறை அலமாரியைத் தன் இஷ்டத்துக்கு மாற்றி அடுக்கினாள். அடுப்பில் இருந்த பாத்திரத்தையெல்லாம் திறந்து பார்த்து, "உப்பு பத்தல," என்றாள். வீடு கட்டிக்கொண்டு போன பிறகும் தினமும் காலையில் கதவைத் தட்டாமல் நேரே உள்ளே வந்தாள். ஏவிஸுக்கு ஜுரமென்றால் அவள்தான் சூப் வைத்தாள், உப்பு அள்ளிப் போட்டு. இத்தனையும் பொறுத்துக்கொண்டவளுக்காக ஒரு உண்மையைச் சொல்லக்கூடாதா?

விருந்து முடிந்ததும் கூடத்துச் சமையலறையில் ஏவிஸ் அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"சீலாம் சீல்! உனக்கு வெட்கமா இல்ல?"

"அது நல்லாத்தானே இருந்துச்சு?" கேக் வைக்க ஏவிஸ் வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய தட்டைக் கழுவிக்கொண்டே நார்மா சொன்னாள்.

"நீ கண்ணால பாத்தவ. ஒரு நாளாவது என் பக்கம் பேசினியா?"

நார்மா குழாயை மூடினாள். "அவன் அன்னிக்கு அப்பாவுக்குத் தெரியாம படகை எடுத்துட்டு வந்திருந்தான். வித்தை காட்டிக் கவுத்தேன்னு சொன்னா அந்த மனுஷன் தோலை உரிச்சிருப்பாரு. நீ செருப்பைக் கழுவப் போனப்ப என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதான். நான்தான் சொல்லிக்கொடுத்தேன், ஒரு பொண்ணு விழுந்துட்டா, காப்பாத்தினேன்னு சொல்லுடான்னு. நானும் கூடப் போய் அவர்கிட்ட சாட்சி சொன்னேன்."

"அப்புறம்?"

"அடிக்கல. கை கொடுத்தாரு. 'சபாஷ்டா'ன்னாரு. அந்த முகத்தைப் பாத்த பிறகு நான் எப்படி மாத்திப் பேசுவேன்?"

க்ளைவின் அப்பாவை ஏவிஸுக்குத் தெரியும். அவள் காதுபட, சாகும்வரை மகனைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லாத மனிதர்.

"இதை என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"உனக்குக் கோபம் வந்தா எதை வேணா போட்டு உடைப்பே. அவன்கிட்டயே போய்ச் சொல்லியிருப்பே."

உண்மைதான். அதனால் எரிச்சல் இன்னும் கூடியது. ஏவிஸ் துண்டை வீசிவிட்டு வெளியே வந்து க்ளைவின் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"என்ன, திட்டப் போறியா?" அவன் கை காதுக்குப் போனது.

"அதை அணைக்காதே. அன்னிக்கு உங்கப்பா என்ன சொன்னாரு?"

க்ளைவ் கையைக் கீழே இறக்கினான். "சபாஷ்டான்னாரு," என்றான். "கை கொடுத்தாரு. பெரிய கை, சொரசொரன்னு இருக்கும்."

அதற்குள் பேத்தி ஒருத்தி ஏவிஸின் மடியில் ஏறி உட்கார்ந்தாள். "பாட்டி, தண்ணிக்குள்ள விழுந்தப்ப ரொம்பப் பயந்தீங்களா?"

க்ளைவ் ஏவிஸையே பார்த்தான். ஏவிஸ் பல்லைக் கடித்தாள்.

"பயந்தேன்," என்றாள். "ரொம்பப் பயந்தேன். போதுமா?"

சமையலறையில் எதுவோ விழுந்து நொறுங்கிய சத்தம் கேட்டது.

"அது ஏற்கெனவே விரிசல் விட்ட தட்டு, ஏவிஸ்!" என்று நார்மா கத்தினாள்.

"விரிசலாவது மண்ணாவது!" என்று பேத்தியை இறக்கிவிட்டு எழுந்தாள் ஏவிஸ். "அது என் கல்யாணத் தட்டு!"