பாதி மைதானம்

இறுதியாட்டத்தை றெபேக்கா நாலாம் மாடிப் பல்கனியில் நின்றுதான் பார்த்தாள். அதுவும் பாதி மைதானத்தை மட்டும். மீதியை எதிர்க் கட்டடம் மறைத்தது.

1997 வைகாசி. தென் இத்தாலியப் பல்கலைக்கழகப் பெண்களின் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி பலெர்மோவில் நடந்தது. கோல்காப்பாளரான றெபேக்கா மூன்று ஆட்டங்களில் ஒரேயொரு கோல்தான் விட்டிருந்தாள். பலெர்மோவின் பழைய அல்பெர்கேரியாப் பகுதியில் ஒற்றை அறை வீட்டில் படித்து, குடும்பத்திலேயே முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவள். கையுறை வாங்கவென்று கோடை முழுக்கக் கட்டடங்களில் படிக்கட்டுக் கழுவியவள்.

பலெர்மோத் தமிழருக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தி வெளியூர் போனால், அவள் வேலை செய்யும் வீட்டில் நம்மவர் ஒருத்தி நிற்க வேண்டும். இல்லாவிட்டால் வீட்டுக்காரச் சின்யோரா வேறு ஆளைப் பிடித்துவிடுவாள். மைதானத்துக்குப் பக்கத்து வீட்டில் ஒரு கிழவியைப் பராமரிக்கும் ஞானாம்பிகை, ஒரு கலியாணத்துக்கு மிலானோ போக, றெபேக்காவின் தாய் எமிலியானா பூசை முடிந்த கையோடு, கோயில் வாசலிலேயே மகளை ஒப்புக்கொடுத்துவிட்டாள். மகளுக்குச் சொன்னது பிறகுதான்.

"பந்துக்கு வேற ஆக்கள் இருக்கினம், பிள்ளை. அந்த வேலைக்கு ஆர் இருக்கினம்? நான் வாக்குக் குடுத்திட்டன்."

"வாக்குக் குடுத்தது நீங்கள், அம்மா. நிக்கிறது நான்."

ஆனாலும் வந்து நின்றாள். இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கும் கிழவியைத் தனியே விட்டுப் போக மனம் வரவில்லை.

முதற்பாதியில் அவளுடைய அணியின் கோல்கம்பம் கட்டடத்துக்குப் பின்னால் போய்விட்டது. கூச்சல் எழும்போதெல்லாம் பல்கனிக் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தாள். இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறியதும் கோல்கம்பம் கண்முன் வந்தது. அவளுக்குப் பதிலாக நின்ற பாவ்லா, கோல் கோட்டில் ஆணியடித்ததுபோல் நின்றாள். முன்னுக்கு வா, முன்னுக்கு வா என்று றெபேக்கா பல்லைக் கடித்தாள். மூலையிலிருந்து உதைக்க எதிரணி பந்தை வைத்த நேரம் பார்த்து, கிழவியின் கட்டில் மணி அடித்தது. தண்ணீராம். கரண்டி கரண்டியாகப் பருக்கிவிட்டு ஓடி வந்தபோது பந்து வலைக்குள் கிடந்தது. பாவ்லா அதே கோட்டில்தான் நின்றாள். அந்த ஒரு கோலோடு ஆட்டம் முடிந்தது.

ஆறு மணிக்குத் தன் வேலை முடித்து எமிலியானா வந்தாள்.

"வெண்டவையோ?"

"இல்லை."

தாய் கைப்பையைக் கதிரையில் வைத்தாள். பிறகு, ஞானாம்பிகை அடுத்த ஞாயிறும் மிலானோவில் நிற்கப் போகிறாளாம் என்று இழுத்தாள்.

"ஓமெண்டு சொல்லிப்போட்டியளோ?"

"சொல்லிப்போட்டன்."

றெபேக்கா ஏப்ரனைக் கழற்றித் தாயின் கையில் வைத்தாள். "அப்ப நீங்களே நில்லுங்கோ. இண்டைக்கும்."

கையுறைப் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். இரண்டாம் மாடிக்கு வந்தபோது மேலே கிழவியின் மணிச்சத்தம் கேட்டது. கால் ஒருகணம் தயங்கியது. பிறகு இறங்கினாள்.