வெற்றுத் தாளில் ஒரு ரேகை

இரண்டாம் மகாயுத்தம் ஆரம்பிப்பதற்கு ஓரிரண்டு வருடம் முன்பு, குன்னூரில் ஒரு வக்கீலிடம் நான் குமாஸ்தாவாக இருந்தபோது நடந்தது இது. அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. நாலு சட்டப் பிரிவுகளின் எண்ணைத் தெரிந்து வைத்துக்கொண்டு, நான் இல்லாவிட்டால் கோர்ட்டே நடக்காது என்று நினைத்துத் திரிந்த காலம். இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே ஓங்கி அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அந்த வருடம் ஆடி மழையில் பர்லியாருக்கு மேலே மலை ரயில் பாதையில் மண் சரிந்துவிட்டது. பாறைகளை அப்புறப்படுத்தும் வேலையை ஒரு வெள்ளைக்காரக் கான்ட்ராக்டர் எடுத்திருந்தார். கல் ஏற்றும் டிராலியில் பிரேக் பிடிக்கவில்லை. கூலிகள் இரண்டு முறை சொல்லியும் துரை காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதனால் டிராலி நிற்க வேண்டிய இடத்தில் ஓர் ஆள் கூடவே ஓடி, சக்கரத்துக்கு அடியில் கட்டை கொடுப்பார். தினமும் அப்படித்தான் வேலை நடந்திருக்கிறது. ஒரு நாள் ஈரத்தில் கட்டை வழுக்கி, சக்கரம் அந்த ஆளின் இடது கைமேல் ஏறிவிட்டது. அன்று மாலையே ஆஸ்பத்திரியில் மணிக்கட்டுக்கு மேலே கையை எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியை விட்டு வந்தவருக்கு வேலை இல்லை. குடித்துவிட்டு வந்து தானே போய் விழுந்தான் என்று கான்ட்ராக்டர் ஆபீஸில் எழுதிவைத்து, கூலிகளுக்குக் கொடுக்கும் லைன் வீட்டையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். மனைவியைக் கூட்டிக்கொண்டு எங்கள் வக்கீலிடம் வந்தார்.

"நட்டஈடு கெடைக்கறது அப்பறம் இருக்கட்டுங்க. நான் குடிச்சேன்னு எழுதிப் போட்டாங்க. அத மட்டும் அழிச்சுக் குடுங்க. எனக்கு ரெண்டும் பொட்டப் புள்ளைங்க. குடிகாரன் ஊட்டுல எவனுங்க பொண்ணெடுப்பான்?" என்றார்.

வக்கீல் கேஸை எடுத்துக்கொண்டார். வக்காலத்தில் ரேகை வாங்கியது நான்தான். ஆண் என்றால் இடது பெருவிரல், பெண் என்றால் வலது என்பது எங்கள் தொழிலில் பழக்கம். இவருக்கு இடது கை இல்லாததால் வலது பெருவிரலை மையில் உருட்டிப் பதித்தேன். பின்னால் தேவைப்படும் என்று இரண்டு வெற்றுத் தாளிலும் பதித்து வாங்கி அலமாரியில் வைத்தேன். வருகிற கட்சிக்காரர்கள் எல்லாரிடமும் அப்படித்தான் வாங்குவேன்.

சில வாரம் கழித்து, எதிர்த்தரப்பில் ஒரு வாக்குமூலம் இருப்பதாகத் தெரிந்து, அதைப் பார்த்து வர வக்கீல் என்னை அனுப்பினார். கான்ட்ராக்டரின் குமாஸ்தா சிரித்துக்கொண்டே எடுத்துக் காட்டினார். விபத்துக்கு இரண்டு நாள் கழித்து எழுதியது. "நான் குடித்திருந்தேன், என் கவனக்குறைவால்தான் அடிபட்டேன், யார் பேரிலும் புகார் இல்லை" என்று இருந்தது. கீழே ரேகை. நான் ஓர் எழுத்து விடாமல் நகல் எடுத்துக்கொண்டேன்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. எங்கள் ஆபீஸ் வாசலில் காத்திருந்தவரை, மனைவி பக்கத்தில் நிற்கிறாளே என்றுகூடப் பார்க்காமல் பிடித்துக்கொண்டேன். "எல்லாத்தையும் ஒத்துக்கிட்டு ரேகை வெச்சுட்டு இங்க வந்து நாடகமா ஆடறே? வெக்கமா இல்லை உனக்கு?" என்று கத்தினேன். என்னைவிட இருபது வயது மூத்தவர் அவர். அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அவர் கோபப்படவில்லை. "அதுல என்னதானுங்க எழுதியிருக்குது? ஒருக்காப் படிச்சுக் காட்டுங்க" என்றார்.

கடுகடுவென்று படித்தேன். கடைசி வரியையும் படித்தேன்: "மேற்படியான் என் முன்னிலையில் வைத்த இடது பெருவிரல் ரேகை."

அவர் இடது தோளில் போர்த்தியிருந்த துண்டை எடுத்தார். துணி சுற்றிய மொட்டைக் கையை என் முன்னால் நீட்டினார். "ஏனுங்க, இதுல எந்த வெரலுங்க?" என்று கேட்டார்.

அடப்பாவி! அவருடைய வலது விரலைப் பிடித்து மையில் உருட்டியவன் நானே. எதற்காக வலது விரல் என்று தெரிந்தவனும் நானே. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாக நகல் எடுத்தவன், அந்த மனிதரின் கையைப் பார்க்கவில்லை. தாளை நம்பினேன், ஆளை நம்பவில்லை.

வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே பேர் பதிய என்று சொல்லி, கான்ட்ராக்டர் ஆபீஸில் வெற்றுத் தாளில் அவருடைய இடது பெருவிரல் ரேகையை வாங்கியிருந்தார்களாம். சத்தம் கேட்டு வெளியே வந்த வக்கீல், "ஏப்பா, முதல்ல அவர்கிட்ட மன்னிப்புக் கேளு" என்றார். கேட்டேன். "உடுங்க தம்பி" என்று விட்டார்.

ஊட்டியில் நட்டஈட்டு அதிகாரி முன்னால் விசாரணை நடந்தது. வக்கீல் கான்ட்ராக்டரின் குமாஸ்தாவைக் கூண்டில் நிறுத்தி, ரேகை வைத்ததைப் பார்த்தீர்களா என்று நிதானமாகக் கேட்டார். "நானே கையைப் புடிச்சு வெச்சனுங்க" என்றார் அவர். "எந்தக் கை?" "இடது கைதானுங்க." வக்கீல் ஆஸ்பத்திரிப் பதிவை எடுத்து அதிகாரியின் முன்னால் வைத்தார்.

அந்தத் தாள் செல்லாது என்று ஆனது. குடித்தார் என்ற சொல்லை அடித்தார்கள். வீடு காலி செய்யும் உத்தரவும் போனது, நட்டஈடும் கிடைத்தது. துரை என்ன செய்தார் தெரியுமா? எனக்கு ஒன்றும் தெரியாது, எல்லாம் குமாஸ்தாவின் வேலை என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிக் கிளப்புக்குக் கிளம்பிவிட்டார். குமாஸ்தாவுக்கு வேலை போனது. பிரேக் பிடிக்காத டிராலியைப் பற்றி யாரும் துரையை ஒரு கேள்வி கேட்கவில்லை. அந்தக் காரின் பின்னால் கல்லெடுத்து எறியலாமா என்றிருந்தது எனக்கு.

குன்னூர் திரும்பியதும் எங்கள் அலமாரியைத் திறந்தேன். ரேகை வைத்த வெற்றுத் தாள்கள் ஒரு கட்டு இருந்தன. தேயிலை பறிக்கிறவர்கள், ரோடு போடுகிறவர்கள், யார் யாருடையதோ. அவருடைய இரண்டும் மேலேயே இருந்தன. அத்தனையையும் கிழித்து அடுப்பில் போட்டேன். வேலைக்கு வேண்டுமே என்று வக்கீல் சத்தம் போட்டார். வேண்டுமானால் எழுதி முடித்து, படித்துக் காட்டிவிட்டு வாங்குகிறேன் என்றேன்.

இன்றைக்கும் எங்காவது ஓர் ஏழையிடம் எழுதாத தாளை நீட்டி "இங்கே ஒரு கைநாட்டு வை" என்று எவனாவது சொன்னால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. அந்தக் கொதிப்பில் பாதி, அவர் விரலைப் பிடித்து அழுத்திய என் கைமேல்தான்.